இடுப்பெலும்பு மற்றும் மூட்டுக் கிண்ண முறிவுக்கான அறுவைச் சிகிச்சை: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சேவை எப்படி இருந்தது?

கார் விபத்தில் இடுப்பெலும்பும், தொடை எலும்பின் தலை அமர்ந்திருக்கும் மூட்டுக் கிண்ணமும் சேர்ந்து உடைந்துபோன என் அண்ணனுக்கு மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஏறத்தாழ ஓராண்டு கடந்த பிறகே இதை எழுதுகிறேன். இந்த வகை முறிவில் அறுவை நன்றாக நடந்ததா என்பது வீட்டுக்கு அனுப்பப்படும் நாளில் தெரிவதில்லை. மாதங்கள் கழிந்து, காலை ஊன்றி நடக்கும்போதுதான் தெரியவருகிறது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. என் மதிப்பீடு இதுதான்: அறுவை அரங்கில் நடந்ததற்கும், அதற்கு முந்தைய நாட்களில் நடந்த திட்டமிடலுக்கும் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன், தையல் பிரித்த பிறகு ஒரு மனிதர் தம் வீட்டில் எப்படி எழுந்து உட்கார்ந்து கழிப்பறைக்குப் போய் வாழப்போகிறார் என்பதில் அவர்கள் காட்டிய கவனத்துக்குப் பாதி மதிப்பெண்கூடக் கொடுக்க மாட்டேன்.

இது கையிலோ காலிலோ ஏற்படும் சாதாரண எலும்பு முறிவு அன்று. முதுகுத்தண்டின் அடியில் உள்ள திருவெலும்பும், இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளும் சேர்ந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. கண்ணாடி வளையலைப் போல இதுவும் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் விட்டுப்போவதில்லை, முன்னால் ஒரு விரிசல் இருந்தால் பின்னால் எங்கோ இன்னொன்று இருக்கும். அண்ணனுக்கு முன்புறம் இரு இடுப்பெலும்புகளும் சந்திக்கும் இணைப்பு விலகியிருந்தது. பின்புறம் இடது பக்கத்தில் திருவெலும்போடு சேரும் மூட்டு சற்றே திறந்திருந்தது. இவை போதாவென்று, முன் இருக்கையில் அமர்ந்திருந்தவரின் வலது முழங்கால் டாஷ்போர்டில் மோதிய வேகத்தில் தொடை எலும்பின் தலை பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது; கிண்ணமும் குறுக்கே பிளந்திருந்தது.

மதுரைக்கு வருவதற்கு முன் முதல் சில மணி நேரத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்த மதிப்புரை நியாயமாகாது. 108 ஆம்புலன்ஸ் அவரை அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் சேர்த்தது. அங்கே எலும்பு மருத்துவர் வருவதற்கு முன்பே பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒரு படுக்கை விரிப்பை மடித்து, அண்ணனின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வயிற்றைச் சுற்றிக் கட்டவில்லை. தொடையின் மேற்புறத்தில் வெளிப்பக்கம் புடைத்துத் தெரியும் எலும்பு மேட்டின் மட்டத்தில் கட்டினார். அந்த இடத்தில் கட்டினால்தான் விரிந்த வளையம் நெருங்கி, உள்ளே கசியும் ரத்தம் மட்டுப்படும் என்பதைப் பின்னர் அறிந்தேன். இடுப்பு வளைய முறிவில் உயிரைப் பறிப்பது எலும்பன்று, ரத்த இழப்புதான். அதிலும் பெரும்பகுதி இடுப்புக்குள் உள்ள சிரைகளிலிருந்தும் உடைந்த எலும்பின் பரப்பிலிருந்தும் வருவதாகும். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே குழாய் செருகினார்கள். இணைப்பு விலகியிருக்கும்போது சிறுநீர் வெளியேறும் பாதையும் கிழிந்திருக்கக்கூடும். அந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு குழாயைச் செருகுவது காயத்தைப் பெரிதாக்கிவிடும்.

அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து, இடம் பெயர்ந்த தொடைத் தலையைக் கிண்ணத்துக்குள் திரும்பச் சேர்த்தார்கள். இதை ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது பொதுவான நியதி. தாமதமானால் தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் கெட்டு, அந்த எலும்பே பின்னாளில் மடிந்துபோகும் ஆபத்து கூடும். பிறகு தொடையின் கீழ்முனையில் கம்பி செலுத்தி எடை தொங்கவிட்டார்கள். ‘கிண்ணத்தைச் சரிசெய்யும் அறுவைக்கு அதில் தேர்ந்தவர் வேண்டும், இங்கே தொடக்கூடாது’ என்று எலும்பு மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லி, படங்களோடு அனுப்பிவைத்தார். தம்மால் முடியாததை முடியாது என்று சொன்ன அந்த ஒரு முடிவு, அடுத்து வந்த எல்லாச் செலவையும்விடப் பெறுமதியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. உயிரைக் காக்கும் கட்டத்துக்கு இது பேருதவிதான். ஆனால் கிண்ண முறிவுக்கான பெரிய அறுவை பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தைத் தாண்டியே நடக்கிறது என்பதால், அதற்கான ஏற்பாட்டைக் குடும்பத்தினர் முதல் நாளிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

மதுரை மருத்துவமனையில் சேர்ந்ததும் உறவினர் பலருக்கு எழுந்த கோபம் ஒன்றுதான்: ‘எலும்பு உடைந்திருக்கிறது, உடனே அறுவை செய்யாமல் ஏன் படுக்க வைத்திருக்கிறார்கள்?’ எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அறுவை மருத்துவர் என்னையும் அண்ணியையும் உட்கார வைத்து விளக்கினார். முதல் ஓரிரு நாட்களில் உள்ளே திறந்தால் ரத்தப் பெருக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். மூன்று வாரம் கடந்தாலோ, உடைந்த துண்டுகளைச் சுற்றிப் புது எலும்பு வளரத் தொடங்கி, அவற்றைப் பழைய இடத்தில் பொருத்துவது மிகக் கடினமாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நாட்களில், உடல்நிலை தேறியிருக்கும்போது செய்வதே வழக்கம் என்றார். அந்த வார இறுதியில் நாள் குறித்தார்கள். காத்திருந்த நாட்களை வீணாக்கவில்லை என்பதுதான் இந்த மருத்துவமனையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம். நேர்ப் படத்தோடு, உடலை 45 பாகை சாய்த்து இரு பக்கமும் எடுக்கும் படங்களும் எடுத்தார்கள், சி.டி. ஸ்கேனிலிருந்து முப்பரிமாணப் படம் உருவாக்கினார்கள். தொடையின் வெளிப்புறத்தில் தோலுக்கும் தசை உறைக்கும் இடையில் ரத்தம் தேங்கி, தோல் உள்ளுக்குள்ளேயே கழன்றிருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார்கள். அப்படி இருந்திருந்தால் அந்த வழியாக வெட்டும்போது கிருமித் தொற்று எளிதில் புகுந்துவிடுமாம்.

அந்த முப்பரிமாணப் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டியபடி அவர் சொன்ன ஒரு தகவல் என் மனத்தில் நின்றது. இந்த முறிவுகளை இன்று உலகெங்கும் பிரித்துப் பேசும் முறையை வகுத்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த ராபர்ட் ஜூடேயும் எமில் லெட்டூர்னெலும். 1964இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு அடித்தளம். எளிய முறிவுகள் 5, கலப்பு முறிவுகள் 5 என மொத்தம் 10 வகைகள் அதில் உள்ளன. அண்ணனுடையது, குறுக்கு முறிவும் பின்சுவர் முறிவும் சேர்ந்த கலப்பு வகை. வகையைச் சரியாகக் கண்டறிந்தால்தான் முன்புறமாகத் திறப்பதா பின்புறமாகத் திறப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்பதால், இந்தப் பெயரிடல் வெறும் ஏட்டுப் படிப்பன்று. ‘இந்த வகை அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்பவரா, டாக்டர்?’ என்று சற்றுத் தயங்கிக் கேட்டேன். முகம் சுளிக்காமல், யாரிடம் பயின்றார், மாதத்தில் சுமாராக எத்தனை செய்கிறார், எவை சரியாக வரவில்லை என்பது வரை சொன்னார். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று இதைப் படிப்பவர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, நாட்டுக் கட்டுப் போட்டால் போதுமே என்று வற்புறுத்தினார். அவரையும் மருத்துவர் அலட்சியப்படுத்தவில்லை. கிண்ணம் என்பது குருத்தெலும்பு படர்ந்த மூட்டுப் பரப்பு. உடைந்த துண்டு சமமாகச் சேராமல் அதில் 2 மி.மீ.க்கு மேல் படி விழுந்தால், ஒவ்வோர் அடியிலும் தொடைத் தலை அதில் உரசித் தேய்ந்துபோகும். வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஆழத்தில் உள்ள அந்தத் துண்டை அசைக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். பெரியப்பா முழுதாக நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு பேசவில்லை.

அறுவை காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீடித்தது. முதலில் மல்லாந்த நிலையில், அடிவயிற்றில் குறுக்காக வெட்டி, விலகிய முன் இணைப்பைச் சேர்த்து பிளேட் பொருத்தினார்கள். அந்த இடைவெளி 2.5 செ.மீ.க்கு மேல் இருந்ததால்தான் பிளேட் தேவைப்பட்டது. பிறகு அறுவையின்போதே திரையில் படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே உதவியோடு, இடது பக்கத்தில் சிறு துளை வழியாக இடுப்பெலும்பிலிருந்து திருவெலும்புக்குள் ஸ்க்ரூ ஒன்றைச் செலுத்தினார்கள். கடைசியாகக் குப்புறத் திருப்பி, கோக்கர்–லாங்கன்பெக் என்னும் பின்புற வழியில் கிண்ணத்தைத் திறந்தார்கள். இடுப்பிலிருந்து காலுக்குச் செல்லும் சயாட்டிக் நரம்பு அந்த வழியிலேயே ஓடுகிறது. அது இழுபடாமல் தளர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, அறுவை முடியும் வரை முழங்காலை மடக்கியே வைத்திருந்ததாக மயக்க மருத்துவர் பின்னர் சொன்னார். நடுவில் ஒருமுறை வெளியே வந்து நிலைமையைச் சொல்லிவிட்டுப் போனதும் அவர்தான்; காத்திருப்போர் அறையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார்.

அறுவைக்குப் பிறகு மீண்டும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சாதாரண எக்ஸ்ரேயோடு முடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், இதை அவர்களாகவே செய்தது நம்பிக்கையைக் கூட்டியது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, ‘பெரும்பகுதி 1 மி.மீ.க்குள் சேர்ந்துவிட்டது, பின்சுவரின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 2 மி.மீ. படி நிற்கிறது, துண்டு நொறுங்கியிருந்ததால் அதற்குமேல் முடியவில்லை’ என்று மருத்துவர் தாமாகவே சொன்னார். மறைத்திருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. எலும்பு எவ்வளவு துல்லியமாகச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே மூட்டின் எதிர்காலம் அமைகிறது என்பதை, அமெரிக்க மருத்துவர் ஜோயல் மாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்குள் அறுவை செய்யப்பட்ட 262 முறிவுகளில், நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானவற்றில் நல்ல அல்லது மிக நல்ல விளைவு கிடைத்தது. எஞ்சியோரும் இருக்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது. கிண்ணம் தேய்ந்து சில ஆண்டுகளில் செயற்கை மூட்டு பொருத்த நேரலாம் என்ற வாய்ப்பை அறுவைக்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கியிருந்தார்கள்.

நரம்பு விஷயத்திலும் அவர்களுடைய ஒழுங்கைப் பாராட்ட வேண்டும். விபத்து நடந்த அன்றே அண்ணனால் வலது பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை. தொடைத் தலை பின்னால் நழுவியபோது சயாட்டிக் நரம்பு நசுங்கியதன் விளைவு அது. அறுவைக்கு முன்பே அதைச் சோதித்துப் பதிவு செய்து, எங்களிடமும் காட்டினார்கள். பாதம் தொங்கிக் கணுக்கால் இறுகிவிடாமல் இருக்கத் தாங்கு பட்டை மாட்டினார்கள். நரம்பு தேறுவதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகலாம் என்று சொன்னார்கள். இப்போது கட்டைவிரல் அசைகிறது, பாதம் ஓரளவு எழுகிறது, முழுதாக வரவில்லை.

வார்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. சுத்தமாக இருந்தது. இரவுப் பணிச் செவிலியர்கள் படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். கேன்டீன் இட்லி கல்.

கட்டணத்தில்தான் மனக்கசப்பு தொடங்கியது. முதலில் கொடுத்த மதிப்பீட்டைவிட இறுதி ரசீது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது. பிளேட், ஸ்க்ரூ ஆகியவற்றின் விலை மதிப்பீட்டில் அடங்காது என்பதை அறுவை முடிந்த மறுநாள்தான் சொன்னார்கள். ஐ.சி.யூ.வில் கழிந்த இரவும், ஏற்றிய ரத்தத்துக்கான கட்டணமும் தனி. காப்பீட்டு நிறுவனம் கையுறை, பஞ்சு, உறை போன்றவற்றுக்கான தொகையைக் கழித்துக்கொண்டது. அது எங்கும் நடப்பதுதான். ஆனால் எந்தெந்தச் செலவு மதிப்பீட்டுக்கு வெளியே நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கு மருத்துவமனைக்கு ஒரு பைசாகூடச் செலவாகாது. சேரும் நாளிலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, வீட்டுக்கு அனுப்பிய விதம். வலது காலில் ஏறத்தாழ மூன்று மாதம் எடையே ஏற்றக்கூடாது. இடது காலைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது மட்டும் ஊன்றலாம். இவ்வளவு நுட்பமான கட்டுப்பாட்டை டிஸ்சார்ஜ் தாளில் மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக எழுதியிருந்தார்கள். எந்தக் கால் என்றுகூடத் தெளிவில்லை. தொலைபேசியில் மருத்துவரைப் பிடித்துக் கேட்ட பிறகே எங்களுக்கு விளங்கியது. இடுப்பு மூட்டைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது என்பதால் தாழ்ந்த இருக்கை, தரையில் அமர்தல், குந்துதல் எல்லாமே விலக்கு. எங்கள் வீட்டில் இருப்பதோ தரைமட்டக் கழிப்பறை. உயரமான கமோடு நாற்காலி வாங்க வேண்டும் என்று ஒருவர் முந்தைய நாள் சொல்லியிருந்தால், வந்திறங்கிய இரவில் அண்ணன் பட்ட அவமானத்தைத் தவிர்த்திருக்கலாம்.

காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறிவிடாமல் தடுக்கும் ஊசியை வீட்டிலும் தொடர வேண்டியிருந்தது. அதை வயிற்றுத் தோலில் எப்படிப் போடுவது என்று அண்ணிக்குக் கற்றுத்தர யாரும் முன்வரவில்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்தான் நாள்தோறும் வந்து உதவினார். தசைக்குள் வேண்டாத எலும்பு வளராமல் தடுப்பதற்காக இண்டோமெதசின் மாத்திரையை ஆறு வாரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அது வயிற்றைப் புண்ணாக்கும், வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்பதை மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பிசியோதெரபிஸ்ட் வார்டில் நன்றாகத்தான் பயிற்சி கொடுத்தார். ஆனால் வீட்டில் எந்த வாரம் எதைச் செய்வது என்று கேட்டதற்கு, ‘அடுத்த முறை வரும்போது சொல்கிறேன், அண்ணாச்சி’ என்பதோடு முடித்துக்கொண்டார்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், நம் குடும்பங்களில் எவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பதால். இடுப்பு வளையம் உடைந்தவர்களுக்குச் சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்திய உறவிலும் நெடுநாள் சிக்கல் இருக்கக்கூடும். இது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டது. எந்த மறுபரிசோதனையிலும் அதைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. மருத்துவர் முதலில் தொடங்கினால்தான் நோயாளி பேசுவார். இவ்வளவு ஆழமாக எலும்பை அறிந்த ஒருவர் இதைக் கேட்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

அண்ணன் இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். லேசாகச் சாய்ந்து நடப்பது தெரிகிறது. பலசரக்குக் கடையில் உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்; சம்மணமிட முடியாது. அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில் தொடைத் தலை உருண்டையாகவே இருக்கிறது, தலைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் தேய்ந்து குறையவில்லை. இதே முறிவு என் வீட்டில் இன்னொருவருக்கு நேர்ந்தால் அறுவைக்கு இந்த மருத்துவமனைக்கேதான் அழைத்துச் செல்வேன். வீடு திரும்பும் ஏற்பாட்டை மட்டும், டிஸ்சார்ஜுக்கு முன்பே வேறொரு பிசியோதெரபிஸ்ட்டிடமும் மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கடையிலும் பேசி நானே செய்துகொள்வேன். மறுபரிசோதனைக்கு வருவோர் கவனத்துக்கு: திங்கட்கிழமைகளில் வெளிநோயாளிகள் பிரிவில் அரை நாள் போய்விடுகிறது, அங்குள்ள இருக்கைகளும் தாழ்வானவை. வாரத்தின் நடுவில் முன்பதிவு செய்துகொண்டு, உட்காருவதற்குத் தடித்த மெத்தை ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்; பழைய படங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள், அவர்களுடைய கணினியில் ஆறு மாதத்துக்கு முந்தையவை எளிதில் கிடைப்பதில்லை.